வீடு பார்க்கும் குருவிகள்

வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் வாசகர்களில் பலருக்கும் இருக்கும். தரகர் நாலு வீடுகளைக் காட்டுவார். வீட்டுக்காரர், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருப்பதையும் வாசலில் வண்ணக் கல் பதித்திருப்பதையும் பெருமையோடு சொல்லிக்கொண்டே வருவார். உடன் வந்த இல்லத்தரசியின் காதில் அது எதுவும் விழாது. அவர் நேரே அடுப்படிக்குப் போவார். குழாயைத் திறந்து பார்ப்பார். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், அண்டை வீட்டில் யார் இருக்கிறார்கள், முன்பு குடியிருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று விசாரிப்பார். வீடு கொடுப்பவரின் கணக்கு ஒன்று. குடிவருபவரின் கணக்கு வேறொன்று.

சின்னஞ்சிறு குருவிக்கும் இப்படியொரு கணக்கு இருக்கிறது என்பதை, அறுபது வயதைக் கடந்த பிறகு, என் பேத்தியின் பெருநாள் காசு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பற்றி அவளுக்கு அடிக்கடி சொல்வேன். அந்த வீட்டின் கூடத்தில் மக்கா, மதீனாப் படங்கள் சுவரிலிருந்து சற்றே சாய்ந்தாற்போல் மாட்டப்பட்டிருக்கும். அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஆண்டு தவறாமல் சிட்டுக்குருவி கூடு கட்டும். வைக்கோலும் சணலும் தரையில் விழுந்துகொண்டே இருக்கும். என் தாயார் நாளுக்கு மூன்று முறை கூட்டிப் பெருக்குவார், பெருக்கும்போதெல்லாம் முணுமுணுப்பார், ஆனால் படத்தை நிமிர்த்தி மாட்ட யாரையும் விடமாட்டார். குஞ்சு இருக்கும் நாட்களில் கூடத்து மின்விசிறி சுற்றாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுவோம்.

அந்த வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டினோம். சுவரில் ஓர் ஆணித் துளை கூட இல்லாமல் பூசி முடித்தபோது, கொத்தனாரைப் பாராட்டியவன் நான்தான். குருவிகள் அதன் பிறகு வரவில்லை.

கதையைக் கேட்டுக் கேட்டு, என் பேத்தி நோன்புப் பெருநாளன்று பெரியவர்கள் கொடுத்த காசையெல்லாம் சேர்த்து, நகரத்துக் கடையொன்றில் மரத்தாலான குருவிப் பெட்டி வாங்கினாள். பச்சை வண்ணம், சிவப்புக் கூரை, இரண்டு அங்குல வட்ட வாசல், அதன் கீழே உட்காருவதற்கு ஒரு குச்சி. பொம்மை வீடு போல அழகாக இருந்தது. கொய்யா மரத்தில் கட்டினோம். ஒரு பருவம் முழுவதும் ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அணில் ஒன்று தேங்காய் நாரை அடைத்துக் குடியேறிற்று.

"ஏன் நன்னா, குருவிக்குப் பச்சை பிடிக்காதா?" என்றாள்.

என்னிடம் விடை இல்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய அறிஞர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு நகரை ஒட்டி வைத்தம் என்றொரு காடு உண்டு. 1947-ஆம் ஆண்டு டேவிட் லாக் என்ற பறவையியல் அறிஞர் அங்கே கூடுப்பெட்டிகளை மாட்டி, அவற்றில் குடியேறும் பட்டாணிக் குருவிகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். அவர் 1973-இல் மறைந்துவிட்டார், பதிவு நிற்கவில்லை. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் அந்தக் காட்டில் தொங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வசந்தகாலத்தில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, முட்டைகளை எண்ணிக் குறிக்கிறார்கள். ஐரோப்பாவில் வேறு பல நாடுகளிலும் இத்தகைய காடுகள் உண்டு. மரப்பொந்தை நாடும் பறவைகளுக்குப் பெட்டியும் ஒரு பொந்துதான். பொந்தின் அளவை மனிதன் மாற்ற முடியாது. பெட்டியின் அளவை மாற்ற முடியும். ஆகவே 'இதுவா, அதுவா' என்று பறவையிடமே கேட்டுப் பார்க்க வழி பிறந்தது.

முதல் விடை வாசலைப் பற்றியது. பிரிட்டனில் தோட்டத்துப் பறவைகளுக்குப் பெட்டி செய்பவர்கள் வாசலின் அளவை மில்லி மீட்டர் கணக்கில் சொல்கிறார்கள். நீலப் பட்டாணிக் குருவிக்கு 25. அதைவிடச் சற்றுப் பெரிய பட்டாணிக் குருவிக்கு 28. நம் வீட்டுச் சிட்டுக்குருவிக்கு 32. மூன்று மில்லி மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நமக்குத் தோன்றும். பெல்ஜியத்தில் 26 மில்லி மீட்டர் வாசல் வைத்த பெட்டிகளை மாட்டிப் பார்த்தார்கள். பெரிய பட்டாணிக் குருவி உள்ளே நுழைய முடியாமற் போகவே, அதுவரை அதனிடம் தோற்றுக்கொண்டிருந்த நீலக் குருவிகளின் எண்ணிக்கை பெருகிற்று. தான் மட்டும் நுழைந்து, தன்னைவிடப் பெரியவன் நுழைய முடியாத வாசல்தான் பறவைக்குப் பாதுகாப்பான வாசல். எங்கள் பெட்டியின் இரண்டு அங்குல வாசலோ அணிலுக்கும் மைனாவுக்கும் விரித்த பந்தலாக இருந்திருக்கிறது. அந்தக் குச்சியும் தேவையற்றது. சுவரைப் பற்றிக்கொண்டு நுழையக் குருவிக்குத் தெரியும். குச்சியில் வசதியாக அமர்ந்து உள்ளே மூக்கை நீட்டக் காக்கைக்குத்தான் அது உதவும்.

வீட்டை முடிவு செய்வது யார் என்ற கேள்வி எனக்குச் சுவையாகப் பட்டது. ஐரோப்பாவில் ஈப்பிடிப்பான் என்ற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே வரும். ஆண் முதலில் வந்து ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு பாடும். பின்னால் வரும் பெண் மயங்குவது பாட்டுக்கா, இறகின் அழகுக்கா, வீட்டுக்கா? சுவீடன் நாட்டு அறிஞர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நல்ல இடத்துப் பெட்டி எந்த ஆணுக்குக் கிடைக்கும் என்பதைத் தாங்களே சீட்டுக் குலுக்குவது போல் அமைத்தார்கள். அழகனுக்கு மட்டமான பெட்டி வாய்க்கலாம். அழகற்றவனுக்கு உயர்ந்த பெட்டி வாய்க்கலாம். 1986-இல் வெளியான முடிவு: பெண் பறவை ஆணின் தோற்றத்தைப் பொருட்படுத்தவில்லை, இடத்தையே பார்த்தது. முன்னே சொன்ன இல்லத்தரசியின் நினைவு உங்களுக்கும் வருகிறதல்லவா?

வீட்டின் தூய்மையையும் அவை பார்க்கின்றன. ஸ்விட்சர்லாந்தில், ஒரே எல்லைக்குள் இரண்டு பெட்டிகளை வைத்து, ஒன்றில் கோழித் தெள்ளுப் பூச்சிகளை விட்டார்கள். மற்றொன்றில் பூச்சி இல்லை. பட்டாணிக் குருவி பூச்சியில்லாத பெட்டியையே எடுத்துக்கொண்டது. நம் சிட்டுக்குருவிக்கோ வீட்டு வைத்தியமே தெரியும் போலிருக்கிறது. கூட்டுக்குள் அது வேப்பிலையைக் கொண்டுபோய் வைப்பதை 1981-இலேயே சென்குப்தா என்ற நம் நாட்டு ஆய்வாளர் எழுதியிருக்கிறார். பூச்சியை விரட்டத்தான் என்பது அவர் கருத்து. அரிசிப் பானைக்குள் வேப்பிலை போட்டு வைக்கும் நம் பெண்மணிகளுக்கு இது வியப்பளிக்காது.

எல்லாவற்றிலும் என்னைத் திகைக்க வைத்தது, பறவைகள் அண்டை வீட்டாரைப் பார்த்துத் தீர்மானிக்கும் விதம். ஈப்பிடிப்பான் நெடுந்தூரம் பறந்து களைத்து வரும்போது, உள்ளூரிலேயே இருக்கும் பட்டாணிக் குருவி ஏற்கெனவே முட்டையிட்டிருக்கும். புதிதாக வந்தவனுக்கு ஊர் நிலவரம் தெரியாது. ஆராய நேரமும் இல்லை. ஆகவே அது அண்டை வீட்டை எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்ப்பது விளையாட்டுக் காரியமன்று. உள்ளே பட்டாணிக் குருவி இருந்துவிட்டால், வந்த விருந்தாளியைக் கொன்றே போட்டுவிடுவதுண்டு. அத்தனை ஆபத்துக்கும் துணிந்து அது எதைத் தெரிந்துகொள்கிறது?

பின்லாந்திலும் சுவீடனின் கோட்லாந்து தீவிலும் இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஓரிடத்தில் பட்டாணிக் குருவிகள் குடியிருந்த பெட்டிகளில் எல்லாம் முக்கோணம், காலிப் பெட்டிகளில் எல்லாம் வட்டம் என்று அடையாளம் ஒட்டினார்கள். வேறோர் இடத்தில் இதையே மாற்றிச் செய்தார்கள். பார்ப்பவர்களுக்கு, 'பட்டாணிக் குருவிக்கு முக்கோணம் பிடிக்கும் போலும்' என்றே தோன்றும். பிறகு, ஈப்பிடிப்பானுக்கு முக்கோணப் பெட்டி ஒன்றும் வட்டப் பெட்டி ஒன்றும் காலியாக வைத்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பருவத்தின் பிற்பகுதியில் வந்த பறவைகளில் சுமார் முக்கால் பங்கு, அண்டை வீட்டில் கண்ட அதே அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தன! முக்கோணத்தால் எந்தப் பறவைக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் 'ஊர்க்காரன் தெரியாமலா செய்வான்' என்ற எண்ணம் அதற்கு.

கண்மூடித்தனமான நம்பிக்கையும் அன்று. சில ஆண்டுகளுக்குப் பின் இன்னொன்றைச் சோதித்தபோது, பட்டாணிக் குருவியின் கூட்டில் முட்டைகள் மிகுதியாக இருந்தால் ஈப்பிடிப்பான் அதன் அடையாளத்தைப் பின்பற்றியது. முட்டைகள் குறைவாக இருந்தால் அந்த அடையாளத்தை விட்டுவிட்டு மற்றதற்குப் போனது. வாழ்ந்தவனைப் பார்த்துப் பின்பற்றுகிறது. நொடித்தவனைப் பார்த்து விலகிக்கொள்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். பறவை மனிதர் என்று உலகம் போற்றிய சாலிம் அலி, பம்பாயில் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1906-07-இல் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். குதிரை லாயத்தின் சுவர்ப் பொந்தில் பெண் சிட்டுக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெளியே ஆணியின்மேல் ஆண் குருவி காவல் இருந்தது. சிறுவன் ஆணைச் சுட்டு வீழ்த்தினான். சற்று நேரத்தில் வேறோர் ஆண் அதே ஆணியில் வந்து அமர்ந்தது. அதையும் சுட்டான். இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள்! பெண்ணுக்கு உடனுக்குடன் துணை கிடைத்ததையே சிறுவன் வியந்து எழுதினான். இன்று அதைப் படிக்கையில் எனக்கு அந்தப் பொந்துதான் கண்ணில் படுகிறது. முன்னிருந்தவன் என்ன ஆனான் என்று யோசியாமல், ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நின்றன என்றால், அந்த நாளிலேயே நல்ல பொந்துக்கு எத்தனை கிராக்கி இருந்திருக்க வேண்டும்! சுட்டவர் பின்னாளில் பறவைகளைக் காப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார் என்பது வேறு கதை.

இவ்வளவும் படித்துவிட்டு நான் பெரிய அறிவாளியாகிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அந்தத் தவற்றையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு, அணில் போனபின் பெட்டியை இறக்கி, சுடுநீரில் கழுவிக் காய வைத்தேன். குச்சியைப் பிடுங்கினேன். வாசலின் மேல் ஒன்றேகால் அங்குலத் துளையிட்ட பலகையை வைத்து அறைந்தேன். கொய்யா மரத்தில் பூனை ஏறுகிறது என்று, மாடியறையின் மேற்குச் சுவரில், எதுவும் எட்ட முடியாத உயரத்தில் மாட்டினேன். தை மாதக் கடைசியில் ஒரு ஜோடி வந்தது. வீடே கொண்டாடியது. மாசியில் முட்டை, பங்குனியில் குஞ்சுகள். நான்கும் நலமாகப் பறந்துபோயின. அதே ஜோடி உடனே இரண்டாம் முறை முட்டையிட்டது.

அதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. பிற்பகல் வெயில் நேராக அந்தச் சுவரில் இறங்கியது. கான்கிரீட் சுவர் பின்னாலிருந்து சுட்டது; அரை அங்குலப் பலகை முன்னாலிருந்து காய்ந்தது. காற்று வெளியேற நான் ஒரு துளையும் இடவில்லை. ஒரு நாள் அஸர் நேரத்தில், தாய்க்குருவி வாயில் புழுவோடு வாசலில் தொற்றுவதும் உள்ளே போகாமல் விலகுவதுமாக இருப்பதைப் பார்த்து, பேத்தி என்னைக் கூப்பிட்டாள். ஏணி வைத்து ஏறித் திறந்தேன். மூன்று குஞ்சுகள். மூன்றும் வாயைப் பிளந்தபடி இறந்திருந்தன.

அவள் அழவில்லை. "நாமதானே நன்னா அதை அங்கே மாட்டினோம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆம், நாம்தான். இதில் குருவியின் தவறு ஒன்றுமில்லை. அது பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தது. வாசல் சரியாக இருந்தது, உயரம் இருந்தது, பூச்சி இல்லை, முதல் ஈடு நல்லபடியாகக் கரையேறியது. தை மாதத்து இளவெயிலில் அந்தப் பெட்டி இதமாகக்கூட இருந்திருக்கும். பழைய மண் சுவரிலும் தடித்த மரப்பொந்திலும் தையில் நல்லதாக இருக்கும் இடம் சித்திரையிலும் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். குருவியின் கணக்கு அந்தச் சுவர்களுக்காக ஏற்பட்ட கணக்கு. மெல்லிய பலகையும் சூடேறிய கான்கிரீட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்காவில் மரவாத்துகளுக்கு இது போன்ற ஒன்று நேர்ந்தது. நல்லெண்ணத்தோடு பெட்டிகளை வெட்டவெளியில் கூட்டமாக மாட்டினார்கள். ஒன்று நுழைவதை மற்றொன்று பார்த்து, பல வாத்துகள் ஒரே பெட்டியில் முட்டைகளைக் குவிக்க, அவற்றில் ஏராளமானவை பொரியாமலே கெட்டன. பறவையின் தேர்வை நம்பலாம். ஆனால் அது தேர்ந்தெடுக்கும்படி நாம் எதிரே வைக்கும் பொருளுக்கு அது பொறுப்பாகாது.

ஆகவே, உங்கள் வீட்டில் பெட்டி மாட்ட எண்ணினால், ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சுட்டால் அந்த இடம் வேண்டாம். வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த சுவரில், சன்ஷேடுக்கோ தாழ்வாரத்துக்கோ அடியில், ஆள் உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். பலகை முக்கால் அங்குலமாவது தடிப்பாக இருக்கட்டும். மேற்பக்கத்தில் காற்றுக்கும் அடியில் நீர் வடியவும் சிறு துளைகள் வேண்டும். உட்புறம் வண்ணம் பூசாதீர்கள். பலகைக்கு வழியில்லாதவர்கள் மண்கலயத்தில் ஒன்றேகால் அங்குலத் துளையிட்டுக் கவிழாமல் கட்டலாம். மண் சீக்கிரம் கொதிக்காது. சிட்டுக்குருவி தனித்து வாழப் பிரியப்படாது என்பதால், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று பெட்டிகளைச் சற்று இடைவெளிவிட்டு மாட்டுவது நல்லது. குஞ்சுகளுக்கு முதல் சில நாட்கள் புழு பூச்சியே உணவு. நான்கு செடி கொடி இல்லாத வீட்டில் எவ்வளவு அரிசி இறைத்தாலும் குஞ்சு வளராது. குருவி குடியிருக்கும்போது பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும் ஆவலை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். பருவம் முடிந்தபின் திறந்து, பழைய கூட்டை அகற்றி, சுடுநீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

கைப்பேசிக் கோபுரங்களால் குருவி இனமே அழிந்துவிட்டது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோபுரம்தான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. நாசிக்கைச் சேர்ந்த முகம்மது திலாவர் என்பவர் இந்தக் குறைவைக் கண்டு, ஓர் அமைப்பை ஏற்படுத்தி, வீடுகளில் பெட்டி மாட்டும் வழக்கத்தைப் பரப்பினார். 2008-இல் டைம் இதழ் சுற்றுச்சூழலுக்குப் பாடுபடும் உலகத்தோர் வரிசையில் அவரைச் சேர்த்தது. அவருடைய முயற்சியால் 2010 முதல் மார்ச் 20-ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைக்குப் பள்ளிகளில் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது, எங்கே மாட்டக்கூடாது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் நன்றாயிருக்கும்.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில், வடக்குத் தாழ்வாரத்தின் கீழ் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஊர்த் தச்சரிடம் சொல்லி முக்கால் அங்குலப் பலகையில் செய்தவை. வண்ணம் இல்லை. பச்சைப் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டோம். பேத்திதான் போடச் சொன்னாள். அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். பெட்டிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்திருக்கிறாள். இரண்டு வாரமாக ஓர் ஆண் குருவி மின்கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது. பெண் வருகிறது, முதற்பெட்டியில் தலையை விட்டுப் பார்க்கிறது, மூன்றாவதில் உள்ளேயே போய்விட்டு வருகிறது, பறந்துவிடுகிறது. மறுநாள் மறுபடியும் வருகிறது.

இன்று சுபுஹுத் தொழுகை முடிந்து நான் திரும்பியபோது, அவள் தாழ்வாரத்துப் படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பேசாதே என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, எழுதியிருந்ததைத் திருப்பிக் காட்டினாள். 'பெட்டி 2. பெண் குருவி. வேப்பிலை ஒன்று.'